விபத்துக்கு முன்னே போகிறவர்

தொழிற்சாலைப் பாதுகாப்புப் பயிற்சி: குடுபல்லி பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வழி

ஜோலார்பேட்டையில் இருந்து பெங்களூர் செல்லும் ரயில் பாதையில், குப்பத்துக்கு அடுத்த ஸ்டேஷன் குடுபல்லி. அதற்கடுத்தது பிசாநத்தம். அதையும் தாண்டினால் காமசமுத்திரம், அது கர்நாடகம். பின்பக்கம் பச்சூர் வரை தமிழ்நாடு. மூன்று மாநிலங்கள் முட்டிக்கொள்ளும் இடத்தில், ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்து மூலையில் இருக்கிறது குடுபல்லி மண்டலம்.

இந்தப் பக்கத்து மக்களுக்கு மூன்று மொழிகள் தண்ணீர் பட்ட பாடு. வீட்டில் தமிழ் பேசுவார்கள். சந்தையில் தெலுங்கு பேசுவார்கள். ரயிலேறி பெங்களூரில் இறங்கினால் கன்னடம் பேசுவார்கள். இதை யாரும் ஒரு படிப்பாக நினைப்பதில்லை. ஆனால் தொழிற்சாலைப் பாதுகாப்பு என்ற வேலைக்கு இது ஒரு தகுதி. அரசு விதியிலேயே எழுதப்பட்ட தகுதி.

அந்த வேலை என்ன? அதற்கு என்ன படிக்க வேண்டும்? எங்கே ஏமாறக் கூடாது? பார்ப்போம்.

சுரங்கத்தில் பிறந்த வேலை

குடுபல்லி மண்ணுக்கு அடியில் தங்கம் உண்டு. சிகர்குண்டா, பிசாநத்தம் ஆகிய இரண்டு இடங்களிலும் தங்கச் சுரங்கங்கள் இருந்தன. பக்கத்தில் கோலார் தங்க வயலை நடத்திய பாரத் தங்கச் சுரங்க நிறுவனமே இவற்றையும் நடத்தியது. கோலார் தங்க வயலில் குழிக்குள் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களில் இருந்து குடும்பம் குடும்பமாகப் போனவர்கள். 2001-ம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. அவர்களுடைய பிள்ளைகள் பலர் இன்று விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறார்கள்.

கோலாரின் சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல். சூட்டை விடப் பெரிய ஆபத்து, மேலே இருக்கும் மலையின் பாரம். பாரம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். தொழிலாளர்கள் இதை "ஏர் பிளாஸ்ட்" என்பார்கள். 1898-ம் ஆண்டிலேயே இது கோலாரில் பதிவாகி இருக்கிறது. மேலே தரையில் இருக்கும் வீடுகளில் பாத்திரம் பண்டம் உருளும். குழிக்குள் புருஷனையோ மகனையோ அனுப்பிவிட்டு இருக்கும் பெண்கள் தெருவுக்கு ஓடி வருவார்கள்.

இந்தக் குழிகளில் ஒவ்வொரு ஷிப்டிலும் மற்றவர்களுக்கு முன்னால் உள்ளே போகிறவர் ஒருவர் உண்டு. அவருக்கு "மேட்" என்று பெயர். கையில் இரும்புக் கம்பி. தலைக்கு மேல் இருக்கும் பாறையைத் தட்டிப் பார்ப்பார். கெட்டிப் பாறை "கிண்" என்று ஒலிக்கும். பிளவு விட்ட பாறை மந்தமாக "தொப்" என்று சொல்லும். அப்படிச் சொன்ன பாறையை நெம்பிக் கீழே தள்ளிய பிறகுதான் மற்றவர்கள் வரலாம். அவர் தலையை ஆட்டும் வரை டிரில் மிஷின் ஓடாது.

இன்று கண்ணாடிக் கட்டிடத்தில் தொப்பி மாட்டிக்கொண்டு நிற்கும் பாதுகாப்பு டெக்னீஷியனின் வேலையும் இதுதான். கம்பி மாறி மீட்டர் வந்திருக்கிறது. அவ்வளவே வித்தியாசம்.

கண்ணுக்குத் தெரியாத தூசி

பாறை விழுந்து இறந்தவர்களின் கணக்கு ஏட்டில் ஏறியது. தூசியால் இறந்தவர்களின் கணக்கு வெகு நாள் ஏறவில்லை. பாறையைத் துளைக்கும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அதில் மிக நுண்ணிய துகள், தலைமுடிப் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அது நுரையீரலின் அடி வரை போய்த் தங்கி, நுரையீரலைத் தழும்பாக்கி விடும். இருமல், இளைப்பு, எடை குறைவு. பார்ப்பவர்கள் காச நோய் என்று நினைப்பார்கள். சிலிகோசிஸ் என்ற இந்த நோய்க்கு இன்று வரை குணப்படுத்தும் மருந்து கிடையாது.

மைசூர் அரசு 1940-ம் ஆண்டு சிலிகோசிஸ் விதிகளைக் கொண்டு வந்தது. அதையொட்டி 1940-க்கும் 1946-க்கும் இடையே கோலாரில் 7,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்தார்கள். நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் நோய் இருந்தது. அத்தனை பேரும் காலையில் எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள்.

இது பழங்கதை அல்ல. குப்பம், குடுபல்லி பக்கத்தில் இன்று கிரானைட் குவாரிகளும் கல் அறுத்து மெருகு போடும் பட்டறைகளும் இருக்கின்றன. கிரானைட்டிலும் சிலிக்கா இருக்கிறது. முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு கல் அறுக்கிற பையன், தாத்தா சுவாசித்த அதே தூசியைச் சுவாசிக்கிறான்.

இங்கே பயிற்சி பெற்ற ஒருவர் என்ன செய்வார்? முதலில் முகமூடி வாங்கச் சொல்ல மாட்டார். கல் அறுக்கும் இடத்தில் தண்ணீர் விழுகிறதா என்று பார்ப்பார். ஈரத்தில் தூசி எழும்பாது. அடுத்து, தூசியை உறிஞ்சும் குழாய் வைக்கச் சொல்வார். அதன் பிறகு, ஒரே ஆள் நாள் முழுக்க அங்கே நிற்காமல் முறை மாற்றச் சொல்வார். எல்லாம் செய்தும் மிச்சம் இருக்கும் தூசிக்குத்தான் முகமூடி. ஆபத்தை அதன் ஊற்றுக்கண்ணிலேயே அடைக்க வேண்டும்; ஆளுக்குக் கவசம் மாட்டுவது கடைசி வழி. பாதுகாப்புப் படிப்பின் அரிச்சுவடி இதுதான்.

கயிறு கட்டாமல் இறங்கியவர்கள்

2018-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் சித்தூர் மாவட்டம் பலமனேர் அருகே கோழிக்குஞ்சு பொரிக்கும் நிறுவனம் ஒன்றில் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்யும்போது 7 பேர் மாண்டார்கள். இம்மாதிரிச் செய்தி ஆண்டுதோறும் ஏதாவது ஓர் ஊரில் இருந்து வருகிறது. முதலில் இறங்கியவர் மயங்குவார். அவரைத் தூக்க இன்னொருவர் குதிப்பார். அவரைத் தேடி மூன்றாமவர். நம் மக்களுக்குத் துணிச்சலும் இரக்கமும் அதிகம். தொட்டிக்குள் அவை இரண்டும் எமனாகி விடுகின்றன.

காரணம் எளிது. நாம் சுவாசிக்கும் காற்றில் சுமார் 21 சதவீதம் ஆக்சிஜன். அது 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் உள்ளே இறங்கக் கூடாது. அழுகிய கழிவில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு உண்டாகும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். நாற்றம்தான் எச்சரிக்கை என்று நினைத்தால் மோசம் போக வேண்டியதுதான். வாயு அதிகமானால் மூக்கு மரத்துப் போகும், நாற்றமே தெரியாது. "நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்" என்று சொல்லும் அந்த நிமிஷம்தான் உயிர் போகிற நிமிஷம்.

கிணற்றில் இறங்கும் முன் விளக்கை ஏற்றிக் கயிற்றில் விட்டுப் பார்ப்பது நம் கிராமத்து வழக்கம். விளக்கு அணைந்தால் இறங்க மாட்டார்கள். ஆக்சிஜனை அறிய அது ஒரு வழி. ஆனால் கழிவுத் தொட்டியில் எரியும் வாயுவும் சேர்ந்திருக்கும். அங்கே விளக்கை விட்டால் தொட்டியே வெடித்து விடலாம். பழைய அறிவு எதுவரை உதவும், எங்கே கைவிடும் என்று சொல்லிக் கொடுப்பதும் இந்தப் பயிற்சியே.

பயிற்சி பெற்ற டெக்னீஷியன், தொட்டியின் மேலே, நடுவே, அடியே என்று மூன்று மட்டத்திலும் மீட்டரை விட்டு வாயுவை அளப்பார். காற்று ஊதும் பிளோவர் வைப்பார். இறங்குகிறவர் இடுப்பில் கயிறு, மேலே முக்காலியில் கப்பி. வாசலில் ஒருவர் நிற்பார். என்ன ஆனாலும் அவர் உள்ளே குதிக்கக் கூடாது, இழுக்க மட்டுமே வேண்டும். இவ்வளவும் ஒரு தாளில் எழுதி, கையெழுத்தான பிறகே வேலை தொடங்கும்.

பூட்டும் சாவியும்

கன்வேயர் பெல்ட்டில் ஒருவர் கையை உள்ளே விட்டு ரிப்பேர் பார்க்கிறார். ஷிப்டு மாறுகிற நேரம். சுவிட்ச் அறைக்குப் புதிதாக வந்தவருக்கு இது தெரியாது. பட்டனைத் தட்டுகிறார். கை போகிறது.

இதற்கு மருந்து ஒரு சாதாரணப் பூட்டு. ரிப்பேருக்குப் போகிறவர் மெயின் சுவிட்சை அணைத்து, தன் பூட்டைப் போட்டு, தன் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஐந்து பேர் வேலை செய்தால் ஐந்து பூட்டு. கடைசி ஆள் தன் பூட்டைக் கழற்றும் வரை மிஷின் ஓடாது. மானேஜரே வந்து கேட்டாலும் சாவியைக் கொடுக்கக் கூடாது.

இதேபோல் வெல்டிங்குக்கு ஒரு அனுமதிச் சீட்டு, உயரத்தில் ஏற ஒரு அனுமதிச் சீட்டு, சத்தத்தை அளக்க ஒரு மீட்டர், வெளிச்சத்தை அளக்க ஒரு மீட்டர். தீயில் எத்தனை வகை, எதற்கு எந்த அணைப்பான், மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும், முதலுதவி எப்படி என்பவை பாடத்தின் மற்ற பகுதிகள். மனப்பாடம் செய்து பரீட்சை எழுதுவதை விட, கையால் செய்து பழகுவதே முக்கியம்.

அடியில் மட்டும் அளந்தார்கள்

அளப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு விசாகப்பட்டினமே சாட்சி. 2020-ம் ஆண்டு மே 7-ந் தேதி அதிகாலை, எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையில் இருந்து ஸ்டைரீன் வாயு கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஊருக்குள் புகுந்தது. 12 பேர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

மாநில அரசு அமைத்த உயர்மட்டக் குழு காரணத்தை ஆராய்ந்தது. ஊரடங்கினால் ஆலை நின்றிருந்தது. தொட்டியில் ஸ்டைரீன் தேங்கிக் கிடந்தது. அது சூடேறினால் தானாகவே வினை புரிந்து மேலும் சூடேறும். தொட்டியின் சூட்டை அடிப்பகுதியில் மட்டும் அளந்து வந்தார்கள். அடியில் குளிர்ச்சி, மேலே கொதிப்பு. ஏட்டில் எழுதிய எண் சரியாகத்தான் இருந்தது. அளந்த இடம் சரியில்லை. கசிவு ஏற்பட்ட பிறகும் அபாயச் சங்கு ஊதப்படவில்லை.

எண்ணை எழுதுவது எல்லோராலும் முடியும். "இந்த எண் எங்கே எடுத்தது?" என்று கேட்பவரே பாதுகாப்புப் பயிற்சி பெற்றவர்.

சட்டம் வந்த வழி

நம் நாட்டில் பாதுகாப்புச் சட்டங்கள் பலவும் பிணங்களுக்குப் பின்னால் வந்தவை. 1984-ம் ஆண்டு டிசம்பரில் போபாலில் விஷ வாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அதன் பிறகே, 1987-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, அபாயமான தொழில்களுக்கென்று தனி அத்தியாயம் சேர்ந்தது. தொழிலாளர்களும் உட்காரும் பாதுகாப்புக் கமிட்டி வந்தது. ஆபத்து நெருங்குகிறது என்று தெரிந்தால் அதைச் சுட்டிக்காட்டும் உரிமை தொழிலாளிக்கு வந்தது.

அதற்கு முன்பே, 1976-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி 1,000 தொழிலாளர் உள்ள ஆலையில் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்று இருந்தது. 2020-ம் ஆண்டு நிறைவேறி, 2025-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையைக் குறைத்திருக்கிறது. சாதாரண ஆலையில் 500 பேர், அபாயமான தொழில் நடக்கும் ஆலையில் 250 பேர், கட்டிட வேலையில் 250 பேர், சுரங்கத்தில் 100 பேர் இருந்தாலே பாதுகாப்பு அதிகாரி தேவை. எண் குறைந்தால் இடங்கள் கூடும். ஒவ்வோர் அதிகாரிக்கும் கீழே மேற்பார்வையாளரும் டெக்னீஷியனும் தேவைப்படுவார்கள்.

மொழியும் ஒரு சர்ட்டிபிகேட்

தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் மாநிலங்கள் வகுத்த பாதுகாப்பு அதிகாரி விதிகளில் மூன்று தகுதிகள் இருந்தன. முதலாவது, இஞ்சினீயரிங் பட்டம் அல்லது டிப்ளமா, அல்லது இயற்பியல், வேதியியல் பட்டம். கூடவே ஆலையில் மேற்பார்வை செய்த அனுபவம். இரண்டாவது, தொழில் பாதுகாப்பில் அங்கீகாரம் பெற்ற பட்டமோ டிப்ளமாவோ. மூன்றாவது, அந்த வட்டாரத்தில் பெரும்பாலான தொழிலாளர்கள் பேசும் மொழியில் போதிய அறிவு.

மூன்றாவதை வேடிக்கையாக எண்ண வேண்டாம். "வால்வை மூடு" என்பதை ஒருவன் "திற" என்று புரிந்துகொண்டால் என்ன ஆகும்? ஸ்ரீசிட்டியிலும் ஓசூரிலும் பெங்களூரிலும் ஒரே ஷெட்டுக்குள் தமிழர், தெலுங்கர், கன்னடியர், ஒடிசாக்காரர், பீகார்க்காரர் என்று பலரும் வேலை செய்கிறார்கள். ஆங்கிலத்தில் அச்சடித்த எச்சரிக்கைப் பலகை சுவரில் தொங்குகிறது. யார் படிப்பது? குடுபல்லிப் பையன் மூன்று மொழியில் சொல்லுவான். கொஞ்சம் இந்தியும் கற்றுக்கொண்டால் ஷெட்டில் பாதிப் பேருக்கு அவன்தான் காது.

எங்கே படிப்பது?

பத்தாவது முடித்தவர்களுக்கு, ஐ.டி.ஐ.யில் "சுகாதாரம், பாதுகாப்பு, சுற்றுச்சூழல்" என்ற ஓராண்டுப் பிரிவு உண்டு. எல்லா ஐ.டி.ஐ.யிலும் இராது, விசாரித்துச் சேர வேண்டும்.

டிப்ளமா, பட்டம் முடித்து அனுபவமும் உள்ளவர்களுக்கு, மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் சென்னையில் இருக்கிறது. தென் மாநிலங்களுக்கு உரியது. அங்கே ஓராண்டு தொழில் பாதுகாப்பு மேற்படிப்பு டிப்ளமா நடத்துகிறார்கள். இதன் தலைமை நிறுவனம் மும்பையில் உள்ளது. தமிழ்நாடு தொழில்நுட்பக் கல்வித் துறையும் டிப்ளமா முடித்தவர்களுக்குத் தொழில் பாதுகாப்பு மேற்படிப்பு வைத்திருக்கிறது.

குவாரி, சுரங்கம் பக்கம் போகிறவர்களுக்கு வேறு வழி. மேட், பிளாஸ்டர், போர்மன் என்று படிப்படியாகத் தேர்வு உண்டு. தன்பாத்தில் தலைமையகம் உள்ள சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் இதை நடத்துகிறது. முதலுதவிச் சர்ட்டிபிகேட்டும் வேண்டும். கல் உடைத்த அனுபவம் இங்கே வீண் போகாது.

வளைகுடா நாடுகளில் பல கம்பெனிகள் "நெபோஷ்" என்ற பிரிட்டிஷ் பரீட்சையைக் கேட்கின்றன. அது வெளிநாட்டுக்கு உதவும். நம் நாட்டு விதி கேட்கும் டிப்ளமாவுக்கு அது மாற்று ஆகாது.

பணம் கட்டும் முன்

"மூன்றே மாதத்தில் சேப்டி ஆபீசர், துபாயில் வேலை நிச்சயம்" என்று பஸ் ஸ்டாண்டுகளில் நோட்டீஸ் கொடுக்கிறார்கள். நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் பெற்றோர் உண்டு. கட்டும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சர்ட்டிபிகேட்டைக் கொடுப்பது யார், அரசு வாரியமா, பல்கலைக்கழகமா, அல்லது அந்தக் கடைக்காரரேவா? எந்த மாநிலத்துத் தொழிற்சாலைத் துறை அதை ஏற்கிறது? வாயு மீட்டரையும் மூச்சுக் கருவியையும் கையில் கொடுத்துப் பழக்குவார்களா? மூன்றாவது கேள்விக்கு "படம் காட்டுவோம்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம். முதல் இரண்டையும் மாவட்டத் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

குமாஸ்தாவுக்கும் பங்கு உண்டு

இது இஞ்சினீயர்கள் வேலை என்று குமாஸ்தாக்கள் ஒதுங்க வேண்டியதில்லை. தங்க வயலில் யார் குழிக்குள் இறங்கினார், யார் ஏறினார் என்ற கணக்கு எழுத்துவேலையில் இருந்தது. இன்றும் ஆலையில் தீப்பிடித்தால், தீயணைப்புக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "உள்ளே எத்தனை பேர்?" காண்டிராக்ட் ஆட்களின் பெயர் வருகைப் பதிவில் சரியாக இருந்தால் தேட முடியும். இல்லாவிட்டால் சாம்பலில்தான் தேட வேண்டும்.

இன்னொன்று, தப்பிய விபத்துக்களின் பதிவேடு. கிரேனில் இருந்து ஸ்பானர் விழுந்தது, யார் மேலும் படவில்லை. "தப்பித்தோம்" என்று சிரித்துவிட்டுப் போவது நம் வழக்கம். அதை எழுதி வைத்தால், ஒரே கிரேனில் மாதம் மூன்று முறை விழுவது தெரியும். நாலாவது முறை தலையில் விழும் முன் தடுக்கலாம்.

தலையாட்டும் அதிகாரம்

இந்த வேலையில் ஒரு முள்ளும் இருக்கிறது. உற்பத்தி நின்றால் மேலதிகாரிக்குக் கோபம் வரும். விபத்து நடந்தாலோ, "சேப்டி ஆள் என்ன செய்தான்?" என்று முதலில் கேட்பதும் அவரே. காண்டிராக்ட் வேலையில் இருக்கும் இளைஞன், வேலையை நிறுத்தச் சொல்லப் பயப்படுவான். சொல்லாமல் கையெழுத்துப் போட்டால், பிறகு அந்தக் கையெழுத்தே அவனுக்குக் கயிறாகும்.

அதற்காகத்தான் பாதுகாப்பு அதிகாரி விதிகளில் இரண்டு காவல் வைத்தார்கள். அவர் ஆலைத் தலைமை நிர்வாகியின் நேரடிப் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது ஒன்று. பாதுகாப்புக்குச் சம்பந்தம் இல்லாத வேறு வேலையை அவருக்குக் கொடுக்கக் கூடாது என்பது மற்றொன்று. ஆகவே வேலைக்குப் போகும் பிள்ளைகள், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். "நான் யாரிடம் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும்? ஆபத்து என்று கண்டால் வேலையை நிறுத்த எனக்கு உரிமை உண்டா?" என்றும் கேட்க வேண்டும். பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். நிறுத்தச் சொன்னதை, நாளும் நேரமும் போட்டு, தானும் எழுதி வைக்க வேண்டும்.

கோலார்க் குழியில் கம்பியோடு முன்னே போன மேட்டுக்குப் பெரிய படிப்பு கிடையாது. ஆனால் அவர் தலையாட்டாமல் யாரும் உள்ளே வரவில்லை. படிப்பும் மீட்டரும் இன்று கிடைக்கின்றன. அந்தத் தலையாட்டும் அதிகாரத்தையும் சேர்த்துக் கேட்டு வாங்கினால்தான், காலையில் ரயிலேறிப் போனவர்கள் இரவு ரயிலில் முழுசாகத் திரும்பி வருவார்கள்.